மாத வருமானம் 13,000

ராயபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். மருந்துக் கடைக்கும் லிஃப்டுக்கும் நடுவில் ஒரு மேசை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு வருகிறவர்களுக்கு முன் அனுமதி வாங்கித் தருவது என் வேலை. அட்டை இல்லாதவர்களை, வருமானச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள் என்று சொல்வதும் நான்தான்.

எல்லாச் சாமிகளும் இந்த மேசைக்கு வரும். காசிமேட்டுப் பெண்கள் சிலர் அட்டையை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். நீட்டும்போது மெழுகு வாசனை அடிக்கும். திருவொற்றியூர்ப் பெரியவர் ஒருவர், மகனுக்கு டயாலிசிஸ் என்றதும், "முன்வினை. அதை அரசாங்கமா தீர்க்கும்?" என்றார். சொல்லிக்கொண்டே படிவத்தில் கையெழுத்தும் போட்டார்.

திட்டத்தின் வருட வருமான வரம்பு முதலில் 72,000 ரூபாய்; பிறகு 1,20,000. அதாவது மாதம் 10,000. மண்ணடியில் மூட்டை தூக்குகிறவர்கூட இதைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பார். அதனால் பலரும் குறைத்துச் சொல்கிறார்கள். எவ்வளவு குறைத்துச் சொல்ல வேண்டும் என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதில் பாவம் இருப்பதாக அதுவரை தோன்றியதில்லை.

மண்ணடி பாய் வந்தது ஒரு வியாழக்கிழமை. இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவர். மனைவிக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டும். கடையில் மூன்றே பேர் வேலை என்பதால் ஈ.எஸ்.ஐ. கிடையாது. இன்ஷூரன்ஸ் என்றால் வட்டி, சூதாட்டம் என்று மறுத்துவிடுவார் என்று நினைத்து, மலேசியாவில் 1984-லேயே தகாஃபுல் என்று இஸ்லாமிய முறையில் காப்பீட்டுக்குச் சட்டம் வந்ததைச் சொல்லத் தயாராக இருந்தேன். தேவைப்படவில்லை.

"நான் காசு கட்டவில்லையே தம்பி. அரசாங்கம் கட்டுகிறது. அதில் எனக்குத் தடை இல்லை" என்றார்.

"சம்பளம் எவ்வளவு பாய்?"

"பதின்மூன்றாயிரம்."

"ஒன்பதாயிரம் என்று சொல்லிவிடுங்கள். சான்றிதழ் கிடைத்துவிடும்."

அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "நாற்பது வருடம் இன்னொருவர் கணக்கை எழுதியிருக்கிறேன். ஒரு ரூபாய் மாற்றி எழுதியதில்லை. என் கணக்கையா மாற்றிச் சொல்லட்டும்?"

கோபம்தான் வந்தது. உள்ளே மனைவி மூச்சுக்குத் திணறுகிறார், இவர் வரம்பைத் தாண்டிய 3,000 ரூபாய்க்கு மார்க்கம் பேசுகிறார். பக்கத்து மேசைப் பெண்ணிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

அமெரிக்காவில் 2010-இல் வந்த காப்பீட்டுச் சட்டத்தில், எல்லோரும் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற விதியிலிருந்து ஆமிஷ் போன்ற சில கிறிஸ்தவப் பிரிவினருக்கு விலக்கு கொடுத்தார்கள். எங்களவரை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்பது அவர்கள் வாதம். முன்பு படித்தபோது சிரித்தேன். அதே சட்டத்தை, எல்லோருக்கும் சிகிச்சை வேண்டும் என்று பல வருடம் பேசிவந்த கத்தோலிக்க ஆயர்களே கருக்கலைப்பு விஷயத்துக்காக எதிர்த்தார்கள். அங்கே சண்டை எதற்குப் பணம் போகிறது என்பதில். பாய்க்கோ, பணம் எங்கிருந்து வந்தாலும் சரி, தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

சனிக்கிழமை ஜமாஅத்தில் திரட்டிய பணத்தோடு வந்தார். கூடவே ஒரு நீளவாட்டு நோட்டு. கொடுத்தவர் பெயர், தொகை, தேதி. இருநூறு ரூபாய் கொடுத்தவருக்கும் ஒரு வரி. டிஸ்சார்ஜ் அன்று மீதி 3,400 ரூபாயை எண்ணி, நோட்டின் கடைசி வரியில் எழுதிவிட்டு, "இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்" என்றார். ஜமாஅத் இல்லாதவர் என்ன செய்வார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரைக் கேட்டு என்ன பயன்? 1,20,000 என்று கோடு போட்டவர்களை அல்லவா கேட்க வேண்டும்.

அவர் எழுந்ததும் அடுத்த நாற்காலிக்கு ஒரு பெண் நகர்ந்து வந்தார். கையில் புருஷனுடைய எக்ஸ்ரே. உட்காரும் முன்பே கேட்டார்:

"வருமானம் எவ்வளவு என்று சொல்லட்டும் சார்?"