கரையும் கறையும்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் எங்கள் வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் துறைமுகக் காற்று வீசும். கப்பல் ஊதினால் தமிழாசிரியர் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிடுவார். சத்தம் ஓய்ந்த பிறகு முதலிலிருந்து சொல்வார். உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சொல்வதெழுதுதல் வகுப்புதான். 1982-இல் பள்ளியை மூடிவிட்டார்கள். அந்தக் குரல் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

மூன்று முறை வாசிப்பார். முதல் தடவை பேனாவைத் தொடக் கூடாது. கேட்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் தடவை, மூச்சு நிற்கும் இடம்வரை ஒரு தொடராகச் சொல்வார். அதை மனத்தில் வாங்கிய பிறகே எழுத வேண்டும். மூன்றாவது, பிழை பார்ப்பதற்கு.

ஒரு நாள் "கப்பல் கரையை அடைந்தது" என்றார். நான் "கறையை" என்று எழுதிவிட்டேன். அவர் திட்டவில்லை. ஜன்னலருகே அழைத்துப்போய், "அதோ தெரிகிறதே, அது கரை. உன் சட்டைப் பையில் ஊறியிருக்கும் மை, கறை" என்றார். நம் பேச்சில் ரகரமும் றகரமும் பெரும்பாலும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. அங்கே காது உதவாது. பொருள் தெரிந்தால்தான் எழுத்து தெரியும். சில இடங்களில் காதேதான் துணை. "வேலை கொடு", "வேலைக் கொடு" என்று அடுத்தடுத்துச் சொல்வார். முன்னது பிழைப்பு, பின்னது முருகன் கை வேல். அந்த ஒரு 'க்' காதில் விழாதவன் வேலைப் பறிகொடுத்துவிடுவான்.

ஆசிரியர் பணிக்கு வந்த பிறகு, ஆஸ்திரேலியாவின் மொழிக் கல்வியாளர் ரூத் வைன்ரிப் 1990-இல் விளக்கிய டிக்டோகுளாஸ் முறையை அறிந்தேன். பத்தியை இயல்பான வேகத்தில் வாசிப்பார்கள். மாணவர்கள் முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, குழுவாகக் கூடிப் பத்தியைத் திரும்ப எழுதி, மூலத்தோடு ஒப்பிடுவார்கள். கேட்டதை மனத்தில் வாங்கி எழுது என்று எங்கள் ஆசிரியர் சொன்னதும் இதே வழிதானே என்று பெருமையாக இருந்தது.

இப்போது ஈசூனில் என் பேத்தி பள்ளிச் சொல்வதெழுதுதலுக்காகப் பத்துச் சொற்களை உருப்போட்டு, முழு மதிப்பெண் வாங்கி, அடுத்த வாரமே மறந்துவிடுகிறாள். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குத் தனிச்சொல் பட்டியல் வெறும் சுமை என்பது என் உறுதியான எண்ணம். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் கேட்டல் கருத்தறிதலும் உண்டு. தொடராகக் கேட்டுப் பழகாத பிள்ளை அங்கே என்ன செய்யும்?

அதனால் சாப்பாட்டு மேசையில் அவளுக்கும் மூன்று முறை வாசிக்கிறேன். போன வாரம் அதே கப்பல் வாக்கியத்தைச் சொன்னேன். அவளும் "கறையை" என்றே எழுதினாள். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து கடல் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை செம்பவாங் பூங்காவுக்கு அழைத்துப்போய், அலை வந்து நின்ற ஈர மணலில் அவளை நிற்கவைத்து, "இது கரை" என்றேன்.