பிளஜ்ஜர்: அவுஸ்திரேலியாவில் பார்த்துப் புழங்க வேண்டிய சொல்

அவுஸ்திரேலியாவில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே காதில் விழும் சொல் 'பிளஜ்ஜர்'. சோம்பேறி என்று பொருள் கொண்டால் அதன் சூடு பிடிபடாது. தன் காசில் சாப்பிட்டு நாள் முழுக்கப் படுத்துக்கிடப்பவனை அப்படி அழைப்பதில்லை. தன் பங்கு வேலையை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் பலனுக்கு மட்டும் கை நீட்டுபவனே பிளஜ்ஜர்.

'பிளஜன்' என்றால் குண்டாந்தடி. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தடியும் கையுமாகத் திரிந்த முரட்டுத் திருடனுக்கு அதிலிருந்து பெயர் வந்தது. பிறகு பாலியல் தொழில் செய்யும் பெண்களின் வருமானத்தில் வாழும் அடியாளைக் குறித்தது. 1882இல் சிட்னியில் வெளிவந்த கொச்சைச்சொல் அகராதியிலேயே அந்தச் சாயல் உண்டு. அங்கிருந்துதான் பிறர் உழைப்பில் வாழும் எவருக்கும் பொதுவானது. இன்றும் அது குத்துவதற்கு இந்தப் பூர்வீகமே காரணம்.

பண்டகசாலையில் நால்வர் பெட்டி இறக்கும்போது ஒருவர் மட்டும் கைபேசியோடு நின்றால் இந்தப் பேச்சு எழும். 'ஸ்மோக்கோ' எனப்படும் இடைவேளை முடிந்தும் இருக்கையை விட்டு எழாவிட்டாலும் எழும். மதுக்கூடத்தில் 'ஷவுட்' முறை: நால்வர் போனால் ஒருவர் ஒரு சுற்றுக்கு நால்வருக்கும் வாங்குவார், அடுத்த சுற்று அடுத்தவருடையது. தன் முறை வருமுன் நழுவுபவரை மறக்கமாட்டார்கள். மது அருந்தாதவர் சுற்றில் சேர்ந்து குளிர்பானம் கேட்கலாம். இல்லையேல் என்னுடையதை நானே வாங்குகிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டையும் யாரும் தவறாக எடுப்பதில்லை.

நண்பர் சிரித்தபடி சொன்னால் அது செல்லம். ஒரு சிகரெட் 'பிளஜ்' பண்ணலாமா என்பது ஓசி கேட்பது. மேலாளர் வாயிலிருந்து வந்தால் எச்சரிக்கை.

'டோல் பிளஜ்ஜர்' வேறு வகை. 1970களில் வேலையின்மை பெருகியபோது, உதவித்தொகை வாங்குபவரை இழிவுபடுத்தப் பரவிய சொல் அது. நம்மவர் கூடும் இடங்களில் புதிதாக வந்த அகதிகளைப் பற்றி இதைச் சொல்வது மிகவும் தவறு. வேலையில்லாதவருக்கு அரசு தரும் 'ஜொப்சீக்கர்' கொடுப்பனவு சும்மா கிடைப்பதில்லை. நிரந்தர வதிவிடம் பெற்றவர் பொதுவாக 4 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அகதிகளுக்கு அதில் விலக்கு உண்டு. பெறுபவர் வேலை தேடியதைக் காட்ட வேண்டும், இரு வாரத்துக்கு ஒருமுறை வரிக்கு முந்தைய சம்பளத்தை, கொடுப்பனவு வழங்கும் அரசு அமைப்பான சென்டர்லிங்கிடம் அறிவிக்க வேண்டும். வாங்குபவரைச் சந்தேகத்தோடு பார்க்கும் மனநிலை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு 'ரோபோடெட்' சாட்சி. ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்து, இல்லாத கடனை ஏழைகள் மேல் சுமத்திய அரசுத் திட்டம் அது. 2023இல் அரச ஆணைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது.

இந்தப் பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சிக் காய்ச்சலோடும் வேலைக்குப் போகும் புதியவர்கள் உண்டு. அது தேவையே இல்லை. முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளத்தோடு சுகவீன விடுப்பு சட்டப்படி உண்டு, மீதமானது அடுத்த ஆண்டுக்கும் சேரும். நிலையான வேலை உறுதியில்லாத 'கஷுவல்' ஊழியருக்கு இது கிடையாது. முடிந்தால் வேலை நேரம் தொடங்குமுன் தகவல் சொல்லுங்கள். ஒரே நாளானாலும் ஆதாரம் கேட்கலாம் என்பதால் சான்றிதழ் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் நேரம் கிடைக்காவிட்டால் மருந்தாளரும் தரலாம்.