அட்டைப் பெட்டி விஆர் கண்ணாடி: மூன்றாவது முயற்சி

போனைச் செருகிப் பார்க்கும் விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடியை அட்டையில் நானே செய்துகொண்டிருக்கிறேன். திரையில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு படமும் நேற்று இரவுதான் ஒன்றாகச் சேர்ந்தன. கடலடிப் பவளப்பாறை 360 டிகிரி வீடியோ. தலையைத் திருப்பினால் மீன் கூட்டம் முதுகுக்குப் பின்னால் போவது தெரிந்தது. அப்படியே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

கூகுள் 2014-இல் வெளியிட்ட கார்ட்போர்டு என்ற அட்டைக் கண்ணாடிதான் எனக்கு மாதிரி. 2021-இல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள், ஆனால் வரைபடம் பொதுவில் இருக்கிறது. லென்ஸ் மட்டும் வாங்கினேன்: 25 மி.மீ. விட்டம், 45 மி.மீ. குவியத்தூரம், இரண்டு.

முதலில் செய்தது செருப்புப் பெட்டி அட்டையில். போனின் கனம் தாங்காமல் வளைந்துவிட்டது. அடுத்து பார்சல் பெட்டியின் நெளி அட்டை. லென்ஸுக்கும் திரைக்கும் இடையே குவியத்தூரம் அளவே இருக்கட்டும் என்று அளவுகோல் வைத்து 45 மி.மீ. வெட்டினேன், ஆனால் மடிப்பில் சேரும் அட்டைத் தடிமனைக் கணக்கில் எடுக்கவில்லை. போன் 50 மி.மீ. தள்ளி நின்றது, ஒரே மங்கல். திரை குவியத்தூரத்தைத் தாண்டினால் கண் எவ்வளவு முயன்றாலும் தெளியாது. கொஞ்சம் உள்ளே இருந்தால்தான் தூரத்துக் காட்சியைப் பார்ப்பதுபோல் கண் தளர்வாக இருக்கும். மூன்றாவதில் 42 வைத்தேன், எழுத்துகூடப் படிக்க முடிந்தது.

அப்புறமும் எல்லாம் இரட்டையாகத் தெரிந்தது. போன் நான்கு மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்திருந்ததுதான் காரணம். திரையின் நடுக்கோடும் மூக்குத் தடுப்பும் ஒரே நேரில் வர வேண்டும். பென்சிலால் குறி போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கியதும் சரியானது.

ஒன்றை முதலிலேயே பார்த்துவிடுங்கள்: உங்கள் போனில் கைரோஸ்கோப் (போன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை உணரும் கருவி) இருக்கிறதா? என் பழைய போனில் இல்லை. அதில் இருந்த ஆக்சிலரோமீட்டர் என்ற முடுக்க உணரிக்குப் புவியீர்ப்பின் திசைதான் தெரியும். மேலும் கீழும் சாய்வதைச் சொல்லும், இடவலமாகத் திரும்புவதைச் சொல்லாது. ஒரு வாரம் அட்டையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் தங்கையின் போனை வாங்கித்தான் பார்த்தேன்.

புள்ளி புள்ளியாகத் தெரிவதற்கு மட்டும் வழியில்லை. 1920க்கு 1080 திரை இரண்டாகப் பிரிந்தால் ஒரு கண்ணுக்கு அகலத்தில் 960 புள்ளிதான், அதையும் லென்ஸ் பெரிதாக்குகிறது. ஐந்து நிமிடத்தில் அது மறந்துபோகிறது.

காலையில் அம்மா வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடி லென்ஸில் இடித்தது, கழற்றினால் அவருக்குத் தெரியவில்லை. நெற்றிப் பக்கத்தை ஒன்றரை செ.மீ. நீட்டி நான்காவதை வெட்டத் தொடங்கியிருக்கிறேன்.