1909-இன் கற்பனை நிலக்கரிக் கப்பலை வரைந்து முடித்தேன்

போர்க்கப்பல் வரைபவர்கள் நிறையப் பேர். எனக்கு அவற்றுக்குப் பின்னால் கரி சுமந்துகொண்டு வரும் கப்பலின் மேல்தான் எப்போதும் கண். 1904 அக்டோபரில் பால்டிக் கடலிலிருந்து கிளம்பிய ரஷ்யக் கடற்படை, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஜப்பான் அருகே சுஷிமா வரை போனதே வழிநெடுக ஜெர்மன் நிலக்கரிக் கப்பல்கள் கரி கொடுத்ததால்தான். 1914-இல் வங்கக் கடலுக்குள் நுழைந்த எம்டனை நமக்கெல்லாம் தெரியும். அதோடு கூடவே வந்த மார்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பலை எத்தனை பேருக்குத் தெரியும்?

அதனால் வெளிநாட்டில் தளங்கள் இல்லாத ஒரு கற்பனை நாட்டுக்கு, 1909-இல் கட்டத் தொடங்கியதாக ஒரு நிலக்கரிக் கப்பலை வடிவமைக்க உட்கார்ந்தேன். இப்படி ஒரு கப்பலுக்கு அந்த நாடு ஏன் செலவு செய்ய வேண்டும்? 1907 ஹேக் உடன்படிக்கையில் விடை இருந்தது. போரிடும் நாட்டின் கப்பல் நடுநிலை நாட்டுத் துறைமுகத்தில் பொதுவாக 24 மணி நேரம்தான் நிற்கலாம். மிக அருகிலுள்ள சொந்தத் துறைமுகம் வரை போகும் அளவுக்கே கரி கிடைக்கும். அதே நாட்டிடம் மறுபடி கரி வாங்க மூன்று மாதம் ஆக வேண்டும். சொந்தமாகக் கரி சுமக்க ஆள் இல்லாத கடற்படை வீட்டு வாசலைத் தாண்ட முடியாது.

முதலில் நான் செய்த தவறு வேகத்தில். போர்க்கப்பல்களோடு சேர்ந்து ஓட வேண்டுமே என்று 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்) வைத்தேன். உடற்பகுதி 400 அடி நீளம், 52 அடி அகலம், முழுச் சுமையில் 24 அடி ஆழம் நீரில் மூழ்கும். பெட்டி மாதிரி பருத்த உடல். மொத்த எடை ஏறக்குறைய 10,980 டன். இதை 16 நாட்டில் தள்ள 8,000 குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும் என்று கணக்கு வந்தது. அன்றைய மூன்று கட்ட நீராவி இயந்திரத்துக்கு அது நாளொன்றுக்குச் சுமார் 147 டன் கரி. கொண்டுபோகும் சரக்கைத் தானே தின்றுவிடும். 12 நாட் என்று குறைத்ததும் 3,400 குதிரைத்திறன், 62 டன். நீண்ட பயணத்தில் போர்க்கப்பல்களும் கரியை மிச்சம் பிடிக்க 10 நாட் அளவில்தான் போகும் என்பதால் 12 தாராளம். வெறும் கப்பல் 4,300 டன், சரக்குக் கரி 5,500, சொந்தக் கரி 1,000, மீதி தண்ணீரும் உணவும் என்று எடைக் கணக்கு நேரானது.

சரக்கறைதான் என்னை அதிக நாள் பிடித்துவைத்தது. ஒரு டன் கரிக்கு 43 கன அடி என்றால் 5,500 டன்னுக்கு 2,36,500 கன அடி. ஆனால் கரி தண்ணீரைப் போல மூலை முடுக்கெல்லாம் நிறைவதில்லை, குவியலாகத்தான் நிற்கும். ஆட்கள் உள்ளே இறங்கி மண்வெட்டியால் ஓரங்களுக்குத் தள்ள வேண்டும். அந்த வேலையைக் குறைக்க சரக்கறை வாய்களை அகலமாக்கி, மேல் ஓரங்களைச் சரிவாக வரைந்தேன். காற்றோட்டம் இன்னொரு தலைவலி. புதுக் கரி விடும் எரிவாயு வெளியேற வழி வேண்டும். ஆனால் குவியலுக்குள்ளே காற்று புகுந்தால் கரி சூடேறித் தானே தீப்பிடிக்கும். ஆகவே மேற்பரப்புக்கு மட்டும் காற்றுக்குழாய், குவியலுக்குள் வெப்பமானி இறக்க மெல்லிய குழாய்கள், கொதிகலன் சுவருக்கும் கரிக்கும் நடுவே கொஞ்சம் காலி இடம்.

அப்புறம் டெரிக், அதாவது சரக்கைத் தூக்கி இறக்கும் சாய்ந்த கம்பு. 200-க்கு 1 அளவில் கப்பலை அட்டையில் வெட்டினேன். நீளம் சரியாக இரண்டு அடி. பக்கத்தில் ஒரு போர்க்கப்பலின் அட்டையை வைத்து, டெரிக் கம்புக்குப் பதில் தீக்குச்சியைத் திருப்பிப் பார்த்தேன். 45 அடிக் கம்பு எதிர்க் கப்பலின் விளிம்பைத் தொட்டு நின்றுவிட்டது. என் கப்பலின் பாதி அகலம் 26 அடி. இரண்டும் மோதிக்கொள்ளாமல் நடுவில் தொங்கவிடும் மெத்தைகளுக்கு 6 அடி. எதிர்த் தளத்தில் மூட்டை இறங்க இன்னும் 12 அடி. ஆக 44 அடி எட்ட வேண்டும். கம்பு 45 பாகைச் சாய்வில் நிற்பதால் நீளம் 62 அடி ஆக வேண்டும். டெரிக்குகளைத் தாங்கும் மாஸ்ட்களை (கம்பங்களை) உயர்த்தினேன், அடித்தாங்கலைப் பலப்படுத்தினேன்.

இதை எழுத உட்கார்ந்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான். கரி இறங்க இறங்கக் கப்பல் மேலே எழும்பும். என் கப்பல் ஓர் அங்குலம் எழும்பச் சுமார் 42 டன் இறங்க வேண்டும். 5,500 டன்னும் போனால் ஏறத்தாழ 11 அடி எழும்பும். 24 அடி மூழ்கியிருந்தது 13 அடிக்கு வந்துவிடும். 16 அடி விட்டமுள்ள ப்ரொப்பல்லரின் மேல் இதழ்கள் தண்ணீருக்கு வெளியே சுழலும்! திரும்பி வரும் பயணத்தை நான் யோசிக்கவே இல்லை. இரட்டை அடித்தளத்தில் 1,200 டன் கடல்நீர் ஏற்ற இடம் ஒதுக்கினேன். இரண்டரை அடி கிட்டத்தட்ட கிடைத்தது. போதவில்லை. நடுவில் இருந்த இயந்திர அறையைப் பின்னுக்கு நகர்த்தினேன். வெற்றுக் கப்பல் பின்பக்கம் தாழ்ந்து நின்றது, ப்ரொப்பல்லர் நீருக்குள் போனது. சரக்கறைகளின் ஊடே ப்ரொப்பல்லர் தண்டு ஓடிய சுரங்கமும் ஒழிந்தது. பல நாள் வேலை அழிந்தாலும் அன்றிரவு மிகுந்த சந்தோஷம்.

பீரங்கிக்கு அரை மணி நேரம்கூடச் செலவிடவில்லை. நான்கு சிறிய பீரங்கி, போதும்.

கடைசியில் ஒருமுறை கரி ஏற்றிப் பார்த்தேன், தாளில்தான். மூட்டைக்கு இரண்டு ஹண்ட்ரட்வெயிட் (சுமார் 100 கிலோ), டன்னுக்குப் பத்து மூட்டை, 1,000 டன்னுக்குப் பத்தாயிரம். எட்டு டெரிக்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்து மூட்டை தூக்கினால் ஒரு போர்க்கப்பலுக்குப் பத்தரை மணி நேரம். விடியலில் தொடங்கினாலும் இரண்டாவது கப்பல் வந்து அணையும்போது பொழுது சாய்ந்திருக்கும். அதனால் எல்லாம் முடிந்த பிறகும் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு மாஸ்டிலும் சரக்கறை வாயைப் பார்த்த மாதிரி விளக்குகள் வரைந்தேன்.