பெட்டி முதலில், போர்ட் அப்புறம்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு வெப்பநிலை, ஈரப்பதம் காட்டும் சிறு கருவிகள் செய்து கொடுப்பது எங்கள் வேலை. ஓர் ஓர்டருக்கு முப்பது, நாற்பதுக்கு மேல் போகாது. அந்த எண்ணிக்கைக்குச் சொந்தமாக அச்சு வெட்டிப் பெட்டி வார்ப்பதென்றால் அச்சுக்கே இலட்சக்கணக்கில் போய்விடும். கடைப் பெட்டிதான் எங்களுக்குக் கதி.

வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமார் சர்க்கிட் போர்டை வரைந்து முடித்த பிறகுதான் பெட்டி தேடுவார்கள். நான் மாற்றிச் செய்யச் சொல்வேன். புறக்கோட்டையில் சுலபமாகக் கிடைக்கும் 100×68×50 மில்லிமீற்றர் ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டியை முதலில் மேசையில் வை. உள்ளே ஸ்குரூ போடும் தூண்களை அளந்துகொள். அப்புறம் போர்டை வரை.

கையில் காசு கரைவது பெட்டி விலையில் அல்ல, அதில் போடும் ஓட்டைகளில். வயர் உள்ளே நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் திருகுமூடிதான் கிளாண்ட். பிஜி7 அளவுக் கிளாண்டுக்கு 12.5 மில்லிமீற்றர் ஓட்டை வேண்டும். குறித்து, படிப்படியாக விரியும் பிட்டை மெதுவாக ஓட்டி, பிசிறு சீவி முடிக்க நேரம் பிடிக்கும். வட்ட ஓட்டையாவது பரவாயில்லை. திரைக்கு நீள்சதுரமாக வெட்டி அரம் பிடித்து ராவுவதென்றால் ஒரு பெட்டிக்கே அரை நாள் போய்விடும். அதனால் கொஞ்சம் கூடக் கொடுத்துக் கண்ணாடி போன்ற பொலிகார்பனேட் மூடி உள்ளதை எடுக்கிறோம். திரை உள்ளேயே இருக்கும், எண்களும் தெரியும், வெட்டு வேலை இல்லை.

2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, வெளிநாட்டு அலுமினியப் பெட்டிகளை அடியோடு மறந்தோம். அது ஒரு வகையில் நல்லதற்குத்தான். உலோகப் பெட்டிக்குள் வைஃபை அடைபட்டுப் போகும், அன்டெனாவுக்கு இன்னோர் ஓட்டை போட வேண்டும். முப்பரிமாண அச்சில் எடுக்கலாமே என்று கேட்பார்கள். மாதிரிக்குச் சரி. அந்த அச்சுக்குப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகையிலேயே இளகத் தொடங்கும், தேயிலை உலர்த்தும் டிரையர் பக்கத்தில் அதை வைக்க எனக்கு மனம் வராது.

மலைநாட்டில் பெரிய எதிரி மழை அல்ல, மூடுபனி. பெட்டியில் ஐபி65 என்ற காப்புத் தரம் போட்டிருந்தால் தூசு புகாது, பீய்ச்சும் தண்ணீரும் புகாது. ஆனால் நீராவிக்கு அந்தக் கணக்கு இல்லை. கொழுந்து வாட்டும் மாடியில் பகலில் சூடான காற்று ஓடும்போது பெட்டிக்குள் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறும். இரவு குளிர்ந்ததும் சுருங்கி, ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். வயர் இழைகளுக்கு நடுவால்கூட ஊர்ந்து வரும். காலையில் மூடியைக் கழற்றினால் மூடி ஓரத்து ரப்பர் நாடாவில் ஈரம் இருக்காது, ஆனால் மூடியின் உட்புறம் முழுக்கப் பொடித் துளிகள் கோத்திருக்கும். தொழிற்சாலை இலெக்ட்ரீசியன் அண்ணன் ஒருவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, தண்ணி உள்ள வர்ற வழியத்தான் அடைச்சிருக்கீங்க, போற வழி எங்க?” என்று கேட்டார். சரியான கேள்வி.

இப்போது அடிப்பக்கத்தில் 4 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று போடுகிறோம். கிளாண்டுகளும் கீழ்ப்பக்கமே. அப்படி ஓட்டை போட்டால் ஐபி65 என்று சொல்லிக்கொள்ள முடியாது, அதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். குழாய் பிடித்துக் கழுவும் இடமென்றால் காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு அடைப்பான் வேண்டும், விலை கூடினாலும் அதில் கஞ்சத்தனம் கூடாது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை நான் நம்புவதில்லை. நிறைந்த பிறகு யாரும் மாற்றப் போவதில்லை. போர்டுக்கு வார்னிஷ் பூசுகிறோம், சென்சரை மட்டும் விட்டுவிட்டு.

இன்னொன்று. ஒரே அளவு என்று வாங்கும் அடுத்த தொகுதியில் தூண்கள் இரண்டு மில்லிமீற்றர் தள்ளி இருக்கலாம், அச்சு வேறாக இருக்கும். நாற்பது கருவிக்கு ஐம்பது பெட்டியாக ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். உடைந்த மூடிக்கு மாற்று மூடியும் அதிலிருந்தே கிடைக்கும்.