வாம்பட் சொறிக்கு வளைவாசலில் மருந்து

பட்டப்பகலில் ஒரு வாம்பட் (ஆஸ்திரேலியாவில் வளை தோண்டி வாழும், புல் மேயும் பைப்பாலூட்டி) மேய்ந்துகொண்டிருந்தால் முதலில் அதன் விலாவைப் பாருங்கள். இரவில் நடமாடும் விலங்குதான், ஆனால் ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவில் குளிர்காலத்தில் நோயில்லாத வாம்பட்டும் பகலில் வெளியே வரும். அதனால் பகலில் கண்டதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. விலாவில் மயிர் கொட்டித் தோல் சிவந்திருந்தால் சொறி பிடித்திருக்கிறது. முற்ற முற்றப் பொருக்குத் தட்டி, தடித்து, வறண்ட ஏரிப்படுகை மாதிரி தோல் வெடிக்கும். வெடிப்பில் ஈ மொய்க்கும். கண்ணையும் காதையும் பொருக்கு மூடிவிட்டால், ஆள் அருகில் வந்து நின்றாலும் தெரியாமல் மேய்ந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்து ‘எவ்வளவு சாது!’ என்று படமெடுத்துப் போடுகிறவர்களும் உண்டு; பாவம், அதற்குக் கண் தெரியவில்லை. மயிர் போனதால் உடம்புச் சூடும் வீணாகி, கொழுப்புக் கரைந்து, கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும்.

நமக்குச் சிரங்கு தரும் அதே சார்காப்டிஸ் ஸ்கேபீ இனப் பூச்சிதான் இதற்கும் காரணம். பெண் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலின் மேலடுக்கைக் குடைந்து, போகிற வழியெல்லாம் முட்டையிடும். முட்டை பொரிந்து, வளர்ந்து, அடுத்த முட்டையிடும் பருவத்துக்கு வர ஏறத்தாழ இரண்டு வாரம். வழக்கமான மருந்துகள் முட்டையைச் சரிவரக் கொல்வதில்லை என்பதால் ஒரு தடவை ஊற்றிவிட்டு நிறுத்தினால் பயனில்லை.

முட்டையைவிடப் பெரிய தலைவலி வளைதான். வாம்பட் தனியாக வாழும். ஒன்றையொன்று உரசிக்கொள்வது குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் பல வளைகளில் மாறி மாறிப் படுக்கும். ஒன்று விட்டுப்போன வளையில் இன்னொன்று வந்து படுக்கும். உடம்பிலிருந்து உதிர்ந்த பூச்சி, 21 டிகிரி வெப்பமுள்ள அறையில் ஒன்றரை நாளுக்கு மேல் தாங்காது. 10 டிகிரிக் குளிரும் ஈரக்காற்றும் இருந்தாலோ ஒன்று முதல் மூன்று வாரம் வரை உயிரோடு கிடக்கும். வளைக்குள் நிலவுவது ஏறத்தாழ அந்த நிலைதான். மருந்தால் தேறிய வாம்பட், அதே பூச்சிப் படுக்கைக்குத்தான் திரும்பிப் போகிறது.

பல காலமாகப் பயன்படுத்துவது மாக்ஸிடெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து. மாட்டு முதுகில் ஊற்ற சைடெக்டின் என்ற பெயரில் விற்கும் வகையில் அது மில்லிக்கு 5 மில்லிகிராம். வாரம் ஒருமுறை 4 மில்லி என்று ஊற்றியிருக்கிறார்கள். 25 கிலோ வாம்பட்டுக்கு இது கிலோவுக்கு 0.8 மில்லிகிராம். அளவும் இடைவெளியும் பெர்மிட்டுக்குப் பெர்மிட் (வாம்பட்டுக்கு இந்த மருந்தை ஊற்ற அரசு தரும் அனுமதி) மாறுவதால், கையிலிருக்கும் பெர்மிட்டில் உள்ளதையே ஊற்ற வேண்டும். கையுறை கட்டாயம். மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் இது நஞ்சு, ஓடைக்கரையில் சிந்தக் கூடாது.

காட்டு வாம்பட்டைப் பிடிப்பதும் லேசில்லை, பிடித்தால் அதற்கும் அதிர்ச்சி. அதனால் வளைவாசலில் தட்டி தொங்கவிடுவார்கள். கனமான கம்பியை வாசல் அகலத்துக்கு ‘ப’ வடிவில் வளைத்து, இரு கால்களையும் மண்ணில் ஊன்ற வேண்டும். குறுக்குக் கம்பியில் ஐஸ்கிரீம் டப்பா மூடி போன்ற பிளாஸ்டிக் தகடு ஆடும்படி தொங்க வேண்டும். தகட்டில் ஒரு பாட்டில் மூடி; மருந்து அதில். வாம்பட் தலையால் முட்டித் தள்ளும்போது தகடு சாய்ந்து மருந்து முதுகில் விழும்.

கேட்க எளிது. தகடு உயரமாக இருந்தால் அடியில் நுழைந்து போய்விடும். தாழ்வாக இருந்தால் மருந்து மூக்கில் கொட்டும். முதல் வாரம் வெறும் தண்ணீர் ஊற்றி வைத்து, கேமராவில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு மருந்துக்கு மாறுவது நல்லது. வாலபியோ (சிறிய கங்காரு வகை) பாசமோ (மரமேறும் சிறு பைப்பாலூட்டி, possum) தட்டிவிட்டால் மூடி காலி. மழை பெய்தால் மருந்தோடு தண்ணீர் கலந்துவிடும். தடித்த பொருக்கின்மேல் விழுந்த மருந்து தோலை எட்டுவதும் சிரமம். கண் மங்கிய வாம்பட் என்றால் நீண்ட கழியில் கரண்டி கட்டி, காற்று அதன் பக்கமிருந்து நம்மை நோக்கி வீசும்படி பின்னாலிருந்து நெருங்கி, தோளிலிருந்து இடுப்புவரை நேரே ஊற்றலாம். வேண்டிய அளவு முதுகில் விழுந்ததா என்பது கண்முன்னே தெரியும்.

இந்த முறைக்கு எல்லை எங்கே என்று நரவுன்டாப்பு காட்டிவிட்டது. டாஸ்மேனியாவின் அந்தத் தேசியப் பூங்காவில் 2010 முதல் 2017 வரை வாம்பட் எண்ணிக்கை 94 சதவீதம் விழுந்தது. நடுவே மூன்று மாதம் வளைவளையாக வாராவாரம் தட்டியில் மருந்து வைத்தார்கள். நோய் சற்றுத் தணிந்தது, பிறகு மறுபடி ஏறியது. எல்லா வாம்பட்டுக்கும் எல்லா வாரமும் மருந்து போய்ச் சேரவில்லை, ஊற்றியதும் நெடுநாள் நிற்கவில்லை. நோயுற்ற ஒன்றிரண்டைத் தேடித் தேடி ஊற்றுவதால் அவை பிழைக்கலாம். கூட்டம் பிழைக்க அக்கம்பக்கத்து வளைகள் அத்தனையிலும் தட்டி வேண்டும்.

ஆட்களை அதிகமாக்குவதைவிட உடம்பில் நீடிக்கும் மருந்தைத் தேடுவதே புத்திசாலித்தனம் என்பேன். நாய்க்கு உண்ணி மருந்தாக விற்கும் ஃப்ளூராலனரை (பிராவெக்டோ) டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தார் வாம்பட்டில் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். கிலோவுக்கு 25 மில்லிகிராம், ஒரே தடவை. சொறி பிடித்த காட்டு வாம்பட்கள் தேறின. முதுகில் ஊற்றும் வகை மில்லிக்கு 280 மில்லிகிராம் என்பதால் 25 கிலோ வாம்பட்டுக்கு 2.2 மில்லி போதும், அதே பாட்டில் மூடியில் அடங்கிவிடும். விலைதான் எங்கோ இருக்கிறது. ஒரு பாசம் கவிழ்த்துவிட்டால் நல்ல தொகை மண்ணோடு போகும், எனவே இதற்குத் தட்டியைவிடக் கழிதான் தோது.