ஓர் ஒற்றுக்குக் குறைத்த மதிப்பெண்

ஜப்பானுக்கு அனுப்பப்படவிருந்த இயந்திரப் பராமரிப்புப் பிரிவு ஊழியர்களுக்கு ஜப்பானிய மொழியில் வாய்மொழித் தேர்வு நடத்தியபோது, ஒருவருக்கு உச்சரிப்பில் மட்டும் தேர்ச்சிக்குக் கீழே மதிப்பெண் போட்டேன். அதனால் அவருடைய பயணம் அடுத்த குழுவுக்குத் தள்ளிப்போனது. இலக்கணத்திலும் எழுத்திலும் குழுவிலேயே முன்னணியில் இருந்தவர் அவர். நான் போட்டது நியாயமான மதிப்பெண்தான் என்று இன்றும் வாதாட என்னால் முடியும். வாதாடி முடித்த பிறகும் மனம் சமாதானமாவதில்லை.

விஷயம் ஒரே ஓர் ஒற்றைப் பற்றியது. ஜப்பானிய மொழியில் 'கித்தெ குதசாய்' என்றால் 'வெட்டுங்கள்' என்று பொருள். இயந்திரத்தின் அருகே நின்று சொன்னால் 'மின்சாரத்தை நிறுத்துங்கள்' என்று பொருள். தகரத்தை இரட்டிக்காமல் சொன்னால் 'வாருங்கள்' என்றாகிவிடும். அந்த இரட்டிக்காத வடிவத்தை இங்கே 'கிதெ' என்று எழுதுகிறேன். படிப்பவர் அதிலுள்ள தகரத்தை, 'அது' என்பதில் ஒலிப்பதைப் போல மென்மையாக அல்லாமல், 'தாய்' என்பதன் முதலெழுத்தைப் போல வன்மையாக ஒலிக்க வேண்டும். இப்படி ஒரு குறிப்பைச் சேர்க்காமல் அந்தச் சொல்லைத் தமிழில் எழுத வழியில்லை. எங்கள் இருவருக்கும் இடையே நடந்ததும் இதைப் பற்றிய பேச்சுதான்.

தேர்வுக்கு முந்தைய பயிற்சியில் அவர் 'கிதெ' என்று சொல்ல முயன்றபோதெல்லாம் 'கித்தெ' என்றே வந்தது. "கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள், தம்பி" என்றேன். குறைத்தார், தகரம் மென்மையாகி 'அது'வின் ஒலிக்குப் போய்விட்டது. "வன்மை போகக் கூடாது, நீளம் மட்டும் குறைய வேண்டும்" என்றேன். மறுபடியும் 'கித்தெ'தான் வந்தது. பிறகு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், ரெண்டையும் தமிழ்ல எப்படி எழுதிக்கணும்னு மட்டும் சொல்லுங்க, அதையே பாத்து சொல்லிடறேன்" என்றார். "தமிழில் எழுதாதீர்கள், ஹிராகனாவிலேயே எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். அந்த ஜப்பானிய எழுத்துமுறையில் இரட்டிப்பைக் காட்டும் சின்ன 'ட்சு' எழுத்தை எங்கே இட வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஹிராகனாவில் ஏற்கெனவே பிழையில்லாமல் எழுதியும் வைத்திருந்தார். நோட்டை மூடிக்கொண்டு, "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார். அந்தச் 'சரிங்க சார்'தான் இன்னும் காதில் நிற்கிறது.

அவருடைய நாக்கில் குறையேதும் இல்லை. தமிழில் வல்லெழுத்து இரண்டு உயிர்களுக்கு நடுவே தனித்து நின்றால் மென்மையாகும். இரட்டித்தால்தான் வன்மையைக் காக்கும். 'படு'வுக்கும் 'பட்டு'க்கும் இடையே நீளம் மட்டுமா மாறுகிறது? ஒலியே மாறுகிறது. ஆகவே நமக்கு இரட்டை எழுத்து என்பது வன்மையின் அடையாளமாகவும் ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் இரட்டிக்காத ஒலிகளைச் சிட்டி, காப்பி என்று எழுதுவதும் அதனால்தான். ஜப்பானியப் பெயர்களில் இது வேடிக்கையாகவே இருக்கிறது. கியோட்டோவிலும் டொயோட்டாவிலும் ஜப்பானியர் எதையும் இரட்டிப்பதில்லை, நாம் இரட்டிக்கிறோம். அவர்கள் உண்மையிலேயே இரட்டித்து ஒலிக்கும் நிறுவனப் பெயரை நாம் நிசான் என்று ஒற்றையாக எழுதுகிறோம். 'நிச்சான்' என்று எழுதினால் 'பச்சை'யின் சகரம் வந்து நின்றுவிடும். சென்னையை அடுத்த ஒரகடத்துக் கார் ஆலைகளின் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் அந்தப் பெயரை நாள்தோறும் ஒற்றையாகவே சொல்கிறார்கள், யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

அளவிலும் சிக்கல் உண்டு. தொல்காப்பியம் மெய்க்கு அரை மாத்திரை தருகிறது; அந்தக் கணக்கில் 'கித்தெ' இரண்டரை மாத்திரை. ஜப்பானியர் அதை மூன்று அளவாக எண்ணுகிறார்கள். ஹைக்கூவின் 5-7-5 கணக்கிலும் அந்த ஒற்று ஒரு முழு அளவைப் பெறுகிறது. நாக்கு பல்லின் பின்புறம் ஒட்டி மூச்சை அடைத்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் காதுக்கு எதுவும் கேட்பதில்லை. இரட்டித்த ஒலியில் இந்த அடைப்பு ஒற்றையில் இருப்பதைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை நீள்கிறது. ஆக, கேட்பவர் அளப்பது ஒரு மௌனத்தை. இத்தாலியத்தில் 'விதி'யையும் 'செய்து முடித்தது' என்பதையும் பிரிப்பதும் இதே தகரத்தின் நீளந்தான். அங்கே போனாலும் நம்மவருக்கு இதே இடத்தில்தான் இடறும்.

தேர்வறையில் உடனிருந்த ஜப்பானியப் பொறியாளர், தமக்குப் புரிந்ததென்று சொல்லித் தேர்ச்சி மதிப்பெண்ணே போட்டார். அவருக்குப் புரியும், நம்மவர்களின் பேச்சோடு பழகியவர். பழகாத ஒருவர் இயந்திரத்தருகே நிற்கும்போது, வரச் சொன்னதை நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது என் வாதம். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஆபத்து அதற்கு நேர்மாறான பிழையில்தான் இருக்கிறது. நிறுத்த வேண்டிய இடத்தில் 'வாருங்கள்' என்று சொல்வதுதான் கையைப் பறிக்கும். அந்தப் பிழை அவருடைய வாயில் வரவே வராது. அவருடைய பிழையால் ஓடுகிற இயந்திரம் நிற்கும், அவ்வளவுதான். இந்த இடத்தில் என் வாதம் தளர்கிறது. வாயில் ஒன்றாகிப்போன இரண்டும் காதிலும் ஒன்றாகத்தானே இருக்கும், மற்றவர் சொல்வதை அவர் எப்படிப் பிரித்துக் கேட்பார் என்று நினைத்ததும் அது மறுபடியும் எழுந்து நின்றுவிடுகிறது. கேட்டல் தேர்வை நான் தனியாக வைக்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

அதே தேர்வில் தூளைக் குறிக்கும் 'கொன'வையும், 'இத்தகைய' என்ற பொருளுடைய 'கொன்ன'வையும் அவர் மிகச் சுத்தமாகப் பிரித்துச் சொன்னார். கனியையும் கன்னியையும் பிரித்துச் சொல்லி வளர்ந்த வாய்க்கு அது சிரமமே இல்லை. னகரம் இரட்டித்தாலும் தன்மை மாறாமல் நீளம் மட்டுமே கூடும். அதற்கு முழு மதிப்பெண் போட்டபோது, இது பயிற்சியில் கற்றுக்கொண்டதா, தாய்மொழி இலவசமாகத் தந்ததா என்று நான் கேட்கவில்லை.